துடுப்பைச் சுற்றிய வெள்ளைக் கோடு

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சோற்றின்மேல் மீன் துண்டுகளை அள்ளிப் போட்டுக்கொண்டே, கமுவேலா தன் பெரிய அலைச்சறுக்குப் பலகையை மகளுக்குக் கொடுத்துவிடப் போவதாகச் சொன்னான். உப்பை இந்தப் பக்கம் நகர்த்து என்று கேட்பது போலத்தான் சொன்னான். எதிரே உட்கார்ந்திருந்த கிளென்னின் சாப்பாட்டுக் குச்சிகள் கிண்ணத்துக்கும் வாய்க்கும் நடுவில் நின்றுவிட்டன.

"எந்தப் பலகை?" என்றான் கிளென், தெரிந்துகொண்டே.

"எத்தனை பெரிய பலகை வச்சிருக்கேன் நான்? ஒன்பதரை அடி. நீ வெள்ளைக்கோடு போட்டுக் குடுத்தியே, அதுதான் மச்சான்."

கமுவேலா கிளென்னின் தங்கை ஷார்லீனின் கணவன். கவுண்டி நிர்வாகத்தின் சாலை வேலையில் தார் ஊற்றுகிறவன். வயது நாற்பத்தெட்டு. அதில் முப்பது குளிர்காலம் தீவின் வடகரையிலுள்ள சன்செட் கடற்கரையின் பெரிய அலைகளில் போயிருந்தது. இப்போது இடது காதில் பஞ்சு வைத்திருந்தான். வியாழக்கிழமை மறுபடியும் விழுந்ததில் செவிப்பறை கிழிந்துவிட்டது. இந்தக் குளிர்காலத்தில் நாலாவது விழுதல்.

"சனிக்கிழமை அலை பெருசா வருதாம். நடுக்கடல்ல அலைய அளக்கற மிதவை அப்படித்தான் சொல்லுது" என்றாள் நோஹேயா. அவர்களுடைய ஒரே மகள், இருபது வயது. "அன்னிக்கே எடுத்துட்டுப் போறேன்பா. என் ஏழடிப் பலகைய விட இது எப்படி இருக்கும்?"

கமுவேலா குச்சியைக் கீழே வைத்தான். பலகையைப் பற்றி யாராவது கேட்டால் அவன் கை சும்மா இருக்காது.

"உன்னோடது நாய்க்குட்டி. சொன்ன பக்கமும் ஓடும், சொல்லாத பக்கமும் ஓடும். இது கரும்பு லாரி. கிளப்பத்தான் நேரம் ஆகும். கிளம்பிருச்சுன்னா வழிய அதுவே பாத்துக்கும். நீளம் இருக்கறதால அலை நிமிர்றதுக்கு முன்னாடியே கை போட்டு உள்ள போயிருவே. மூக்கு ஒல்லி, அதனால எதிர்க்காத்து அடியில புகுந்து தூக்காது. எந்திரிச்சதும் ஒண்ணும் பண்ணாத. உன் குட்டிப் பலகையில ஆட்டுற மாதிரி இடுப்ப ஆட்டாத. சும்மா நில்லு. அடிவாரத்துக்கு வந்ததும்தான் வேலை. முட்டிய மடக்கி, வலது விளிம்புல சாய்ஞ்சு, பெருசா ஒரே ஒரு வளைவு. அதுல திரும்பிட்டேன்னா மிச்சத்த அலை குடுத்துரும்."

"அங்கதான் நீ விழுறியா?"

ஷார்லீன் மகளைப் பார்த்தாள். கமுவேலா பஞ்சைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

"அங்கதான். பலகைய ஒண்ணும் சொல்ல முடியாது. அது பாடக்கூடச் செய்யுது. இறங்கும்போது காலுக்கடியில ம்ம்ம்னு ஒரு சத்தம். அப்புறம் சாய்வேன், பின்னங்கால் வழுக்கிட்டுப் போயிரும். கால் பலம் போச்சு, அவ்வளவுதான். உங்க அங்கிள் நவம்பர்லயே சொன்னான், நமக்கும் வயசாகுதுல்லன்னு. நான்தான் கேக்கல."

கிளென் தலையைக் குனிந்து சோற்றைக் கிளறினான். அப்படி அவன் சொன்னது உண்மை. 'முட்டிக்கு ஐஸ் வை மச்சான், நமக்கும் வயசாகுதுல்ல.' சொல்லும்போதே நாக்கு கசந்ததும் நினைவிருந்தது. பாடுகிற பலகை என்றால் என்னவென்று அந்த மேஜையில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

தட்டுகளைச் சமையலறைக்கு எடுத்துப் போனபோது ஷார்லீன் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு தாழ்ந்த குரலில் பேசினாள்.

"தினமும் வேலை முடிஞ்சு வந்து கராஜுல உட்காந்திருக்கான். பலகைங்கள வெறிச்சுப் பாத்துட்டு. டிவி கூடப் போடறதில்ல."

"நீதானே நிறுத்தச் சொல்லிட்டு இருந்த?"

"இருபது வருஷமாச் சொன்னேன். இப்படி நிறுத்தணும்னு சொல்லல, கிளென்."

அவன் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு, நோஹேயாவுக்குக் கொடுப்பதற்கு முன்னால் பலகையை ஒருதரம் பட்டறைக்குக் கொண்டுபோய்க் கீறல் ஏதாவது இருக்கிறதா பார்த்துத் தருகிறேன் என்றான். கமுவேலாவே தூக்கி வந்து லாரியின் பின்பக்கம் ஏற்றிக் கட்டினான். கட்டி முடித்ததும் பலகையின் முதுகில், குதிரையைத் தட்டுவது போல, இரண்டு தட்டுத் தட்டினான்.

*

அக்டோபரில் நடந்தது அது.

வயாலுவாவில் சர்க்கரை ஆலை மூடிய பிறகு அதன் பழைய கொட்டகைகளில் பலகை செய்கிறவர்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள். ஒரு கொட்டகையில் உலுவேஹி என்பவள் நுரைக்கட்டியை இழைத்துப் பலகைக்கு உருவம் கொடுப்பாள். ஒட்டிய கொட்டகையில் கிளென் அதன்மேல் கண்ணாடி இழைத் துணியைப் போர்த்தி, பிசின் ஊற்றி, வாலுக்கடியில் மீனின் துடுப்பு போல நிற்கிற துடுப்புகளை வைத்து, தேய்த்து மினுக்குவான். உருவம் கொடுத்தவர் நடுவில் ஓடும் மரச்சட்டத்தில் பென்சிலால் நீளம், அகலம், தன் பெயர், யாருக்குச் செய்தது எல்லாம் எழுதுவார். பிசின் ஊற்றுகிறவன் பெயர் எங்கும் வராது. அவன் கை பட்டதே தெரியாமல் இருப்பதுதான் அந்த வேலைக்கு அழகு.

துடுப்புகள் எங்கே நிற்க வேண்டும் என்பதையும் உலுவேஹிதான் குறிப்பாள். பலகையின் வயிற்றில், வால் பக்கத்தில், பென்சில் புள்ளிகள். மூன்று துடுப்புகள்: நடுவில் ஒன்று, அதற்கு முன்னால் வலமும் இடமுமாக இரண்டு. நடுத்துடுப்பு நேராகப் பார்க்கும். பக்கத் துடுப்புகளின் முன்முனை மட்டும் கொஞ்சம் உள்ளே திரும்பி, பலகையின் மூக்கைப் பார்க்கும். எவ்வளவு திரும்ப வேண்டும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சின்ன அலையில் வெட்டி வெட்டித் திருப்புகிற குட்டைப் பலகைக்குக் கால் அங்குலம். அங்கே வேகம் குறைவு. துடுப்பு கொஞ்சம் குறுக்காக நின்றால்தான் தண்ணீர் அதில் மோதிப் பலகையைத் திருப்பும். இரட்டைவால் கொண்ட மீன் பலகைக்கு அதைவிடக் குறைவு. அதற்கு நேரே ஓடத்தான் ஆசை. நீளப் பலகைக்குப் பக்கத் துடுப்பே வேண்டாம். ஒரே பெரிய துடுப்பு, படகுச் சுக்கான் போல, அதன் மேல் முன்னும் பின்னும் நடந்து போகலாம். ஆனால் மலைபோல வரும் அலைக்குச் செய்கிற பலகை, அந்த ஊரில் துப்பாக்கி என்பார்களே, அது போகிற வேகத்தில் எட்டில் ஒரு பங்கு அங்குலத்துக்கு மேல் திருப்பக் கூடாது.

அன்று கமுவேலாவின் துப்பாக்கிக்குத் துடுப்பு வைக்கிற நாள். துடுப்பின் அடியில் பிசினைத் தடவி, புள்ளியில் நிறுத்தி, நுனியிலிருந்து இரண்டு விளிம்புகளுக்கும் டேப் ஒட்டிக் கூடாரம் போல இழுத்துக் கட்ட வேண்டும். பிசின் இறுகும்வரை டேப்தான் துடுப்பைப் பிடித்துக்கொண்டிருக்கும். நிதானமாகக் கோணம் பார்க்கலாம் என்று கிளென் இறுக வைக்கும் மருந்தைச் சில சொட்டு குறைத்தே கலந்திருந்தான். காற்றும் குளிர்ந்திருந்தது. அதனால் பிசின் சோம்பலாக இருந்தது.

அப்போதுதான் செய்தி வந்தது. அந்தப் பருவத்தின் முதல் வடமேற்கு அலை. காற்றும் தரையிலிருந்து கடலை நோக்கி. அந்த ஊரில் அப்படி ஒரு செய்தி வந்தால் பட்டறைகள் தானாகவே காலியாகிவிடும். கதவைப் பூட்டக்கூட ஆள் நிற்க மாட்டான். பலகை கேட்டு வருகிறவனும் தண்ணீரில்தான் இருப்பான், அதனால் யாரும் யாரையும் கேட்பதில்லை. உலுவேஹி வாசலில் நின்று, "கிளென், வர்றியா, இல்ல அந்தத் துடுப்புக்குத் தாலாட்டுப் பாடிட்டு இருக்கப் போறியா?" என்று கேட்டுவிட்டு ஓடினாள்.

டேப்பை அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் மூன்று மணி நேரம் கழித்து வந்து பிரித்தால் அடியில் வழிந்த பிசினோடு சேர்ந்து கல்லாகி, பிய்த்து எடுக்கவே அரை நாள் போகும். கிளென் விரலால் பிசினைத் தொட்டான். ஒட்டவில்லை. மேல் தோல் மட்டும் காய்ந்திருந்தது. அது அவனுக்குத் தெரியாததல்ல. சட்டென்று டேப்பைப் பிய்த்தான். கடைசியாகப் பிய்த்தது வலது துடுப்பினுடையது.

தலையில் உப்போடு திரும்பி வந்தபோது பிசின் கல்லாகியிருந்தது. டேப்பை இழுத்த இழுப்பில் வலது துடுப்பின் முன்முனை உள்ளே நகர்ந்திருந்தது. அளந்து பார்த்தான். எட்டில் ஒரு பங்கு இருக்க வேண்டிய இடத்தில் கால் அங்குலம். சாப்பாட்டுக் குச்சியின் நுனி அளவுதான் தவறு. உலுவேஹியின் பென்சில் புள்ளி துடுப்புக்கு வெளியே, தனியாக, கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தது.

அதை வெட்டி எடுத்து மறுபடி வைக்க ஒன்றரை நாள் ஆகும். கமுவேலா மறுநாள் காலையில் வருவதாகச் சொல்லியிருந்தான். அலையோ அந்த வாரம் முழுக்க இருக்கும். கிளென் அளவுகோலைக் கீழே வைத்தான். பிறகு கொஞ்சம் பிசினில் வெள்ளைச் சாயத்தைக் கலந்து, மூன்று துடுப்புகளின் அடியையும் சுற்றி விரல் தடிமனுக்கு ஒரு கோடு போட்டான். புள்ளி மறைந்தது. தேய்த்து மினுக்கியபோது அது வேண்டுமென்றே செய்த அலங்காரம் போல இருந்தது.

மறுநாள் கமுவேலா அந்தக் கோட்டைத் தடவித் தடவிப் பார்த்தான். "மச்சான், இது என்ன, கல்யாண கேக்கா?" என்று கேட்டுவிட்டு அவனைக் கட்டிக்கொண்டான். பார்த்தவர்கள் எல்லாம் தங்களுக்கும் அப்படி வேண்டும் என்றார்கள். டிசம்பருக்குள் பதினோரு பலகைகளுக்கு வெள்ளைக்கோடு போட்டாயிற்று. ஒவ்வொரு முறை சாயத்தைக் கலக்கும்போதும் கிளென் அடுத்த கொட்டகைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

*

தங்கை வீட்டிலிருந்து பட்டறைக்குப் போகிற வழியில் லாரி ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினான் கிளென். உள்ளங்கையைத் தரையைப் பார்க்க வைத்துக் காற்றைக் கிழித்தால் கை சும்மா மிதக்கும். முன்பக்கத்தை லேசாகத் தூக்கினால் காற்று கையை மேலே தள்ளும். துடுப்பு வேலை செய்வது அப்படித்தான். இன்னும் கொஞ்சம் தூக்கினால், மெதுவாகப் போகும்போது அந்தத் தள்ளல் இன்னும் கூடும், சுகமாகக்கூட இருக்கும். அதே சாய்வில் வண்டியை வேகமாக விட்டால் கை நடுங்கத் தொடங்கும். பிறகு தூக்குவது நின்று பின்னால் வீசி எறியும்.

ஆரம்பத்தில் சின்ன அலைகளில் கமுவேலா அந்தப் பலகையைக் கொண்டாடியதற்கு அதுதான் காரணம். திருப்பினால் திரும்புகிறது என்றான். பெரிய அலையில், சரிவில் இறங்கி முழு வேகம் பிடித்து அவன் வலது விளிம்பில் சாயும்போது, எடை முழுக்க அந்த வலது துடுப்பின் மேல் வரும். குறுக்காக நிற்கிற துடுப்பின் ஒரு முகத்தில் தண்ணீர் மோதும். மறு முகத்திலிருந்து தண்ணீர் பிய்ந்து போகும். முதலில் அது நடுங்கும். அந்த நடுக்கம்தான் பாட்டு. அடுத்த நொடி பிடி விட்டுப்போய் வால் பக்கவாட்டில் வழுக்கும். சன்செட் அலை வலப்பக்கம் ஓடுகிற அலை. ஒவ்வொரு அலையிலும் அந்தத் துடுப்புத்தான் அவனைத் தாங்க வேண்டும்.

கிளென் கையை உள்ளே இழுத்துக்கொண்டான். வேகத்தையும் குறைத்தான்.

திங்கள் காலை அவன் மனதில் வழி தெளிவாக இருந்தது. பழைய துடுப்பை வெட்டி எடுத்துச் சரியாக வைத்துவிட்டு, வெள்ளைக்கோட்டை மறுபடி போட்டுவிடுவது. பெண்ணுக்கு ஆபத்து இல்லை. யாரிடமும் எதுவும் சொல்ல வேண்டியதும் இல்லை. கத்தியைச் செருகப் போனபோது உலுவேஹி தன் கொட்டகையிலிருந்து ஒரு மெல்லிய மரத் தகட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். கமுவேலாவின் பலகைக்கு உருவம் வரைந்த அச்சு அது. ஆறு வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகத் திருத்திச் செய்தது.

"இந்த வால் சரியில்ல போல" என்றாள். "அவன் நாலு தடவை ஒரே இடத்துல விழுந்துட்டான். அவன் கால்தான்னு அவன் சொல்றான். எனக்கென்னவோ வால அகலமா விட்டுட்டேன்னு தோணுது. அரை அங்குலம் அறுத்துரட்டுமா?"

"அறுக்காத."

"ஏன்?"

"புதன்கிழமை வரைக்கும் அறுக்காத."

"புதன்கிழமை என்ன, நல்ல நாளா?"

அவன் கத்தியைத் துணியில் துடைத்தான். அவள் தோளைக் குலுக்கிவிட்டு அச்சைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் போனாள். உருப்படியாக இருந்த ஒரு பொருள் அவன் மூடி வைத்ததால் அறுபடப் பார்த்தது.

துடுப்பை வெட்டி எடுக்கக் காலை முழுக்க ஆயிற்று. வெள்ளைக்கோடு தூளாகப் பறந்து அவன் புருவத்தில் படிந்தது. கண்ணாடித் துணி மெலிந்து நீங்கியதும் அடியில் பென்சில் புள்ளி அப்படியே இருந்தது. நான்கு மாதம் இருட்டில் இருந்தும் அழியவில்லை. புதுத் துடுப்பைப் புள்ளியில் நிறுத்தினான். மருந்தைக் குறைக்காமல் கலந்தான். மூன்று பக்கமும் டேப் கட்டினான். கட்டிவிட்டு ஒரு வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தான்.

மத்தியானம் இரண்டு மணிக்கு ஆலை வாசலில் ஒரு லாரி நின்றது. "கிளென், லனியாகேயாவுல அலை கண்ணாடி மாதிரி இருக்குடா. வா" என்று யாரோ கூப்பிட்டார்கள்.

"வேலை இருக்கு."

"டேப்பப் பாத்துக்கிட்டு இருக்கறது வேலையா?"

"ஆமா."

சிரித்துவிட்டுப் போனார்கள். பிசின் சூடாகி, பிறகு ஆறியது. ஆறியதற்கும் அப்புறம் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தான். டேப் கல்லாகிப் போயிற்று. கத்தியால் கீறி, தேய்த்து, விரல்நகம் உடைய அதை எடுத்தான். அளந்தான். இரண்டு பக்கமும் எட்டில் ஒரு பங்கு.

செவ்வாய்க்கிழமை துணி போர்த்தித் தேய்த்து முடித்தபோது வேலை இரண்டே மிச்சம்: வெள்ளைக்கோடு, கடைசிப் பிசின் பூச்சு. காகிதக் கோப்பையில் சாயத்தைக் கலந்துவிட்டான். தூரிகையை எடுத்தான். இன்னும் ஒரு சுற்று இழுத்துவிட்டால் எல்லாம் முடிந்தது. சனிக்கிழமை நோஹேயா பத்திரமாக இருப்பாள். கமுவேலா மணலில் நின்று பார்ப்பான். மகள் திரும்புவதைப் பார்ப்பான், அவள் கீழே விழாததைப் பார்ப்பான். பலகை நல்ல பலகைதான், போனது என் கால்தான் என்று அன்றைக்கு அவனுக்கு முழுசாக உறுதியாகிவிடும். சாகும்வரை அப்படியே நினைத்துக்கொண்டிருப்பான்.

கோப்பையில் சாயம் இறுகிக்கொண்டிருந்தது. கிளென் அதை இறுக விட்டான். பிறகு அச்சு சாய்ந்திருந்த சுவருக்கு அந்தப் பக்கம் போய் உலுவேஹியிடம் சொன்னான். அவள் கடைசிவரை கேட்டாள். "என் புள்ளி மேல சாயம் பூசுனியா?" என்று மட்டும் கேட்டாள். அச்சை எடுத்துத் தன் கொட்டகைக்குள் கொண்டுபோய்க் கதவைச் சாத்தினாள்.

*

புதன்கிழமை மாலை கமுவேலா ஆரஞ்சு நிற வேலைச் சட்டையோடே வந்தான். பூட்ஸில் தார் ஒட்டியிருந்தது.

"என்ன மச்சான், போன்ல சொல்ல முடியாத ரகசியம்? லாட்டரியா?"

கிளென் பலகையை வயிறு மேலாகக் கட்டைகளில் வைத்திருந்தான். வலது துடுப்பின் அருகில் பழைய தழும்பு தெரிந்தது. இடது துடுப்பின் வெள்ளைக்கோட்டையும் நடுத்துடுப்பின் கோட்டையும் அவன் தேய்த்து எடுத்துவிட்டிருந்தான். வரிசையாகச் சொன்னான்: பிசின், செய்தி, டேப், கால் அங்குலம், புள்ளி, சாயம். சொல்வதற்கு மூன்று நிமிஷம்கூட ஆகவில்லை.

கமுவேலா தழும்பின்மேல் கட்டைவிரலை வைத்தான். பிறகு புதுத் துடுப்பின்மேல் வைத்தான்.

"இவ்வளவுதானா?"

"அந்த வேகத்துக்கு இதுவே அதிகம்."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"அன்னிக்கே."

"நான் முதல் தடவை விழுந்துட்டு வந்து உங்கிட்டதான் சொன்னேன். அப்பவும் தெரியும்."

"தெரியும்."

"ஐஸ் வைன்ன."

"ஆமா."

கமுவேலா ஒரு வாளியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் கிளென்னுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ரெண்டாவது தடவை பலகையோட கட்டியிருக்கற கால்கயிறு பாறையில மாட்டிக்கிச்சு. மேல ரெண்டு அலை போச்சு. உள்ள கெடந்தப்ப நான் பலகைய நெனைக்கல, ஷார்லீன நெனைக்கல. கமுவேலா, உன்னால இனிமே ஆகாதுன்னு மட்டும் நெனச்சேன். அத நெனச்சுக்கிட்டேதான் மேல வந்தேன். அதுக்கப்புறம் ஒவ்வொரு அலையிலயும் எந்திரிக்கும்போதே அதத்தான் நெனச்சேன்." காதுப் பஞ்சை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டான். "என் பொண்ணு இதுல ஏற இருந்தா."

"அதுக்குத்தான் வாங்கிட்டு வந்தேன்."

"சரி. சரி பண்ணிட்ட. வெள்ளைய மறுபடி பூசிக் குடுத்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கவே போறதில்ல. ஏன் சொன்ன?"

கிளென் புதுத் துடுப்பைப் பார்த்தான். "பலகை சரியாயிருக்கும். நீ கால் போச்சுன்னே உட்காந்திருப்ப" என்றான்.

வெளியே ஆலை முற்றத்தில் ஒரு சேவல் கூவியது. கமுவேலா எழுந்து, மேஜைமேல் இருந்த பென்சிலை எடுத்துக் கிளென்னிடம் நீட்டினான்.

"எழுது."

"என்ன?"

"நீ பண்ணினத. துடுப்புக்குப் பக்கத்துல. இன்னும் கடைசிப் பூச்சு போடலல்ல? எழுதிட்டு அது மேல ஊத்து."

"பிசின் ஊத்துறவன் பேரு பலகையில போடற வழக்கம் இல்ல."

"தெரியும். அதனாலதான் சொல்றேன். எழுது."

கிளென் குனிந்தான். தேய்த்த பரப்பு பள்ளிக்கூடக் கரும்பலகை போல மங்கலாக இருந்தது. அக்டோபர் பதினேழு என்று எழுதினான். டேப்பை முன்னாலேயே எடுத்தேன் என்று எழுதினான். கை நின்றது. கமுவேலா காத்துக்கொண்டிருந்தான். தெரிந்தே மறைத்தேன் என்று எழுதி, அடியில் கிளென் நகசோனே என்று முழுப் பெயரையும் போட்டான். பிறகு அவன் பார்த்துக்கொண்டிருக்கவே பிசினைக் கலந்து ஊற்றினான். எழுத்துகள் ஈரமாகிக் கறுத்து, கண்ணாடிக்கு அடியில் போய் நின்றன.

*

சனிக்கிழமை சன்செட்டில் அலைகள் வீட்டுக் கூரை உயரத்துக்கு வந்தன. கமுவேலா காதில் மெழுகு அடைத்துக்கொண்டு, பலகையை இடுப்பில் இடுக்கி, யாரிடமும் பேசாமல் தண்ணீருக்குள் போனான். காது ஆறும்வரை தண்ணீர் படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததை ஷார்லீன் மூன்று முறை சொல்லிவிட்டு, நாலாவது முறை சொல்லாமல் விட்டுவிட்டாள். நோஹேயாவுக்குக் கிடைத்தது ஒரே ஒரு விளக்கம்: பலகை இன்னும் அப்பாவுக்குத்தான். அவள் தன் ஏழடிப் பலகையை மணலில் குத்தி வைத்துவிட்டு, லாரியின் பின்பலகையில் கிளென்னுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

முக்கால் மணி நேரம் கமுவேலா ஒரு அலையையும் எடுக்கவில்லை. இரண்டு நல்ல அலைகளை விட்டுவிட்டான். கை போடத் தொடங்கி, உச்சியில் நிறுத்தி, பலகையைப் பின்னால் இழுத்துக்கொண்டான். துடுப்பை எட்டில் ஒரு பங்கு அங்குலம் நகர்த்தியாயிற்று. மாதக்கணக்கில் ஊறிய பயத்தை எந்தக் கத்தி வைத்து வெட்டுவது என்று கிளென்னுக்குத் தெரியவில்லை. தன் முழங்காலை இறுக்கிப் பிடித்திருந்தான்.

மூன்றாவதை எடுத்தான். எழுந்தான். இறங்கினான். அடிவாரத்தில் முட்டியை மடக்கி வலப்பக்கம் சாய்ந்தான். வால் வழுக்கவில்லை. தண்ணீரில் பேனாவால் கோடு இழுத்தது போல நீளமான ஒரு வளைவு. பலகை திரும்பி மேலே ஏறி, நுரை அவனைத் துரத்த, அலை உடையாத ஆழத் தண்ணீர்வரை ஓடி வெளியே வந்தது. அதற்குப் பிறகு இன்னும் இரண்டு எடுத்தான்.

கமுவேலா கரைக்கு வந்தான். பலகையை வயிறு மேலாக லாரியில் கிடத்தினான். சோற்றுருண்டைப் பொட்டலத்தைப் பிரித்து ஒரு கடி கடித்தான்.

"பாடிச்சா?" என்று கேட்டான் கிளென்.

"இல்ல." இன்னொரு கடி. "அமைதியா இருந்துச்சு."

கமுவேலா இன்னும் ஏதாவது சொல்வான் என்று கிளென் காத்திருந்தான். கமுவேலா கடலையே பார்த்துக்கொண்டு மென்றான். "என் கோபம் எப்பத் தீரும்னு எனக்கே தெரியாது, கிளென். வெயில் காலம் வரட்டும், பாப்போம்" என்றான். மச்சான் என்று சொல்லவில்லை.

நோஹேயா பலகையின் வாலைத் தடவிக்கொண்டிருந்தாள். வெள்ளைக்கோடு எங்கே போயிற்று என்று தேடின விரல், துடுப்புக்குப் பக்கத்தில் வந்து நின்றது. குனிந்து, தண்ணீர்ச் சொட்டுகளைத் துடைத்துவிட்டு, எழுத்துக்கூட்டிப் படிப்பது போல மெதுவாக வாசித்தாள். முதல் வரி. இரண்டாவது வரி. பெயருக்கு வந்ததும் நிமிர்ந்தாள்.

"அங்கிள், இது என்ன?"

கிளென் கமுவேலாவைப் பார்த்தான். கமுவேலா பொட்டலத்தின் தாளை மடித்துக்கொண்டிருந்தான், வெகு கவனமாக. அவன் இதில் கைகொடுக்கப் போவதில்லை.

"உக்காரு" என்றான் கிளென். "அக்டோபர்ல, உங்க அப்பா பலகைக்குத் துடுப்பு வச்சிட்டு இருந்தேன். பிசின் இன்னும் இறுகல. அது இறுகலன்னு எனக்குத் தெரியும்."